கட்டுச் சோறும் கண் காணாக் கிருமியும்

மைசூரிலிருந்து தாயகம் செல்லும் நம்மவர் கையில் சோற்று மூட்டை இல்லாத பயணம் அரிது. புகைவண்டி அலுவலகத்தில் பணிபுரியும் நாம் அதனை நாள்தோறும் காண்கிறோம். சென்ற கோடையில் நாமும் காலையில் கிளறிய தேங்காய்ச் சாதத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். இரவு வண்டியில் உண்டோம். விடிவதற்குள் இளைய குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டது. மருத்துவமனையில் இரு நாள் கிடந்து தேறிற்று. அச்சோற்றில் கெட்ட மணமோ புளிப்போ சிறிதும் இருந்ததில்லை.

“விற்கும் உணவையேனும் அதிகாரிகள் சோதிக்கலாகாதா?” என்று அன்பர் சிலர் வினவினர். சோதிக்கவே செய்கின்றனர். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆய்வாளர் மாதிரி எடுத்தனுப்ப, பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தரல் வேண்டும். ஆயினும் கலப்படத்தைக் காண்பது வேறு. கிருமியைக் காண்பது வேறு. மிளகாய்ப் பொடியில் கலந்த செங்கற்பொடி நாளையும் அங்கேயே இருக்கும். கிருமியோ வழியிலேயே பெருகும், அல்லது மடியும். ஆதலின் கிருமி நீக்கிய கலத்தில் எடுத்து, குளிர் குன்றாமல் கொண்டு சேர்த்தல் வேண்டும். பால் மாதிரி கெடாதிருக்க இடும் ஃபார்மலின் துளிகள் கிருமியையே கொன்றுவிடுமாதலால், அம்மாதிரி இதற்கு உதவாது. சால்மோனெல்லா போன்ற கிருமியை வளர்த்து உறுதி செய்யச் சில நாட்கள் செல்லும். அதற்குள் பந்தி முடிந்து இலையும் எடுத்தாகிவிடும். 2017-இல் வெளியான மத்தியத் தணிக்கை அறிக்கை, 72 மாநில ஆய்வகங்களில் 65 தேசியத் தரச் சான்று பெறாதவை என்றும் கண்டது.

எனவே ஆய்வகத் தாளை மட்டும் நம்பியிருத்தல் போதாது. உணவு எவ்வளவு சூட்டில் உள்ளது, எத்தனை நாழிகை வெளியே இருந்தது, பரிமாறுவோர் கை கழுவினரா என்னும் மூன்றையும் அடுக்களையிலேயே பார்த்தல் வேண்டும். வெப்பமானி அக்கணமே விடை சொல்லும்.

சோற்றில் வாழும் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்னும் கிருமியின் வித்து, கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கையில் அது முளைத்து நஞ்சு கக்கும். வாந்தியுண்டாக்கும் அந்நஞ்சு மீண்டும் சுடவைத்தாலும் அழியாது. சூடான உணவு 60 பாகைக்கு மேலும், குளிர்ந்தது 5 பாகைக்குக் கீழும் இருத்தல் நலம்; இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்தல் ஆகாது. நம் முன்னோர் நெடும்பயணத்திற்குப் புளியோதரையைத் தேர்ந்ததில் பொருளுண்டு: புளிப்பு மிகுந்த இடத்தில் இக்கிருமி எளிதில் வளராது. தேங்காய்ச் சாதத்திற்கு அக்காவல் இல்லை. அதனை மறந்தது நம் குற்றமே.

நம் புகைவண்டி நிலையத்திற்கு அண்மையில், செலுவாம்பா மாளிகையில், மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950 முதல் நடைபெற்று வருகிறது. இத்தகைய நகரில் வாழ்ந்தும் நம் பிள்ளைகள் சோற்றால் நோயுறுதல் தகுமா? வரும் பொங்கல் விருந்தில் சங்கத்தார் ஒரு வெப்பமானி வாங்கி வைப்பாராக. எஞ்சிய சோற்றை மாலைவரை வைத்திருந்து வீட்டிற்குக் கட்டித் தரும் வழக்கத்தையும் விடுவோமாக. சோற்றை வீணாக்குதல் பாவம் என்போர், அளவறிந்து உலை வைக்கட்டும்.