350 சிசி-யைத் தாண்டலாமா? பைக் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

150 சிசி பைக்கை நாலைந்து வருஷம் ஓட்டியவருக்கு அடுத்து ‘பெரிய பைக்’ ஆசை வருவது சகஜம். ஆனால் நடுவில் ஒரு கோடு இருக்கிறது: 350 சிசி.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதைத் தாண்டினால் 40 சதவீதம். முன்பு செஸ்ஸோடு சேர்த்தே 31தான். வரிக்கு முந்தைய விலை 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், கோட்டுக்கு இந்தப் பக்கம் வரி 36,000 ரூபாய், அந்தப் பக்கம் 80,000. புது பைக்குக்குக் கட்டாயமான ஐந்தாண்டு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸும், 2022-ல் அறிவித்த கட்டணப்படி, 7,365-ல் இருந்து 15,117 ரூபாயாக எகிறும்.

சரி, சிசி கூடினால் பவர் கூடுமா? அப்படியெல்லாம் இல்லை. 195 கிலோ எடையுள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 தருவது சுமார் 20 பிஎச்பி. அதைவிட 30 கிலோ எடை குறைந்த கேடிஎம் 250 டியூக் தருவதோ சுமார் 31! வரி பார்ப்பது சிசி-யை மட்டும்தான்.

நிதானமா, கியர் அதிகம் மாத்தாம போகணும்னா கிளாசிக். வேகம்தான் வேணும்னா 250 போதும். 399 சிசி 390 டியூக்கின் 45 பிஎச்பி, அடிக்கடி ஹைவேயில் நீண்ட தூரம் போகிறவருக்குத்தான் உதவும். ஆபீஸ் டிராஃபிக்கில் அது செகண்ட் கியரிலேயே தூங்கும்.