கோவணாண்டி

கோடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோவில் வாசலில் கம்பளிக் கோட்டும் மப்ளருமாக நின்றிருந்தோம். அருகே ஒற்றைத் துண்டுடன் ஒரு கிழவர் நடுங்கிக்கொண்டிருந்தார். மூடுபனி விலகியதும் தூரத்தே, கீழே பழனி தெரிந்தது. அங்கே ஆண்டவன் கோவணத்துடன் நிற்கிறான் என்ற நினைவு வரவே, நமது கம்பளி சற்றுக் கனத்தது.

ஆடை துறந்து வாழ்வதில் மேனாட்டாரில் சிலருக்கு மோகம் உண்டு. ஜெர்மனியில் அது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. நம் நாட்டிலும் 1891-ல், பம்பாயை அடுத்த தாணாவில், கிராபோர்டு என்ற ஆங்கில நீதிபதி இதற்கென ஒரு சங்கம் கண்டார். அங்கத்தினர் மூவரே! அது நெடுநாள் நிலைக்கவில்லை.

வெயிலும் காற்றும் மேனியில் படுவது சுகந்தான். பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பியதும் நாமும் முதலில் சட்டையைத்தானே கழற்றுகிறோம்! ஆனால் 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, மதுரை மேலமாசி வீதியில், காந்தியடிகள் அரையில் முழத்துணியோடு நின்றது உடற்சுகத்துக்காக அன்று. கட்டத் துணியற்ற ஏழைகளை எண்ணி. உடை இருப்பவனுக்கே அதைத் துறப்பதில் இன்பம். இல்லாதவனுக்கு அது வெறும் குளிர்.

கிழவருக்கு நமது மப்ளரைக் கொடுத்தோம். கோட்டைக் கொடுக்க மனம் வரவில்லை.