மனு எழுதுவோர் யார்?

காஞ்சி மாநகருக்குத் தெற்கே, பாலாற்றை அடுத்துள்ள நமது ஓரிக்கைக்கு அப்பெயர் வந்த வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவர். பல்லவ மன்னனின் ஆணையால் கணிகண்ணன் நகரை விட்டு நீங்க, அவனுடைய குருவாகிய திருமழிசையாழ்வாரும் உடன் நீங்க, ஆழ்வாரின் சொற்படி திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின் சென்றார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. அதுவே மருவி ஓரிக்கை ஆயிற்று என்பர். ஓர் இரவு தங்கியே ஊருக்கு அழியாப் பெயர் தருவது இறைவனுக்கு இயலும். ஓர் இரவு தங்கிச் செல்லும் நிபுணரால் ஒரு சங்கத்துக்கோ ஒரு நாட்டுக்கோ நிலைத்த நன்மை விளையுமா என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

கடல் சூழ்ந்த சிறு நாடுகளின் நிலைமையை முதலில் எடுத்துக்கொள்வோம். நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் தீவு நாட்டுச் செய்தி எதற்கு என்று அங்கத்தினர்கள் வினவலாம். சற்றுப் பொறுத்தால் அது நம் வீட்டுச் செய்தியே என்பது விளங்கும்.

புவியின் வெப்பம் உயர்வதால் கடல் மட்டம் உயர்கிறது. தீவுகளின் கிணற்று நீரில் உப்பு ஏறுகிறது. புயலின் சீற்றம் மிகுகிறது. இக்கேட்டினை உண்டாக்கியதில் அத்தீவினரின் பங்கு மிகச் சொற்பம். அத்தகைய நாடுகளுக்கு உதவும் பொருட்டு 2010ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடிப் பசுமைக் காலநிலை நிதியத்தை நிறுவின. அதன் தலைமையகம் தென்கொரியாவில் உள்ளது. பணம் உண்டு, ஆனால் வாயில் குறுகியது. நிதியத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தின் வாயிலாகவே பணம் வரும். அங்கீகாரம் வேண்டுமாயின் கணக்கு, தணிக்கை, கொள்முதல் முறை ஆகிய யாவும் சோதிக்கப்படும். அதன்பின், நேர்ந்த தீங்கில் காலநிலையால் விளைந்தது எவ்வளவு, வழக்கமான வறுமையால் விளைந்தது எவ்வளவு என்று புள்ளிவிவரத்துடன் பிரித்துக் காட்டும் மனு வேண்டும். துவாலு என்னும் தீவு நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 11,000. அத்தகைய நாடு இவ்வளவு எழுத்து வேலைக்கு ஆட்களை எங்ஙனம் தேடும்?

2015 நவம்பரில் நிதியம் தன் முதல் எட்டுத் திட்டங்களுக்கு ஒப்புதல் அளித்தது. அவற்றுள் மாலத்தீவின் குடிநீர்த் திட்டம் ஒன்று. பிஜியின் நகர்க் குடிநீர்த் திட்டம் மற்றொன்று. முன்னது ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வாயிலாகவும், பின்னது ஆசிய வளர்ச்சி வங்கியின் வாயிலாகவும் வந்தன. இதனை நான் குறையாகக் கூறவில்லை; தாகத்துக்கு நீர் தருபவர் எவராயினும் நன்றே. ஆயினும் அடுத்த மனுவை எழுதும் ஆற்றல் அத்தீவில் தங்கிற்றா, அன்றி எழுதியவர்களோடே விமானம் ஏறிற்றா என்பதே கேள்வி.

பிஜி நாடு இதற்குத் தன் செயலால் விடை கூறியது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவர் கூலிகளாகச் சென்ற, பாரதியார் பாடிக் கண்ணீர் வடித்த அதே பிஜிதான். அந்நாட்டின் பிஜி வளர்ச்சி வங்கி 2017ஆம் ஆண்டில் நிதியத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. மேலே சூரிய மின்தகடும் கீழே பயிருமாக ஒரே நிலத்தைப் பயன்படுத்த ஓவலாவ் தீவில் அவ்வங்கியே வகுத்த திட்டத்துக்கு 2020இல் ஒப்புதல் கிடைத்தது. ஐந்தாண்டுகளில் பிறர் கையால் உண்ட நிலை மாறித் தன் கையால் உண்ணும் நிலை வந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அந்த 2015ஆம் ஆண்டின் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் நம் மாவட்டத்தைப் பெருமழை வருத்தியது. குழித்தறியில் நீர் புகுந்தால் நெசவாளியின் நிலை என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. கால் வைக்கும் குழி குளமாகும். பாவு ஈரம் காணும். மழை நின்ற பின்னும் குழி உலரும் வரை கூலி இல்லை. நான் ஆய்வு செய்த சங்கம் ஒன்று, பெயர் வேண்டாம், இக்குறைக்கு உதவி வேண்டித் தொலைநகரிலிருந்து ஒரு நிபுணரை அமர்த்திற்று. அவர் ஒரு பகல் தங்கினார், படம் எடுத்தார், தடித்த அறிக்கை ஒன்றை அனுப்பினார். தறிகளின் எண்ணிக்கை அதில் இருந்தது. உதவி வழங்கும் அலுவலகமோ ஒரே ஒரு வினாவை எழுப்பிற்று: ஒவ்வொரு தறியும் எத்தனை நாள் நின்றது? அறிக்கையில் விடை இல்லை. நிபுணர் வேறோர் ஊரில் இருந்தார். மனு திரும்பி வந்தது. அந்த விடை ஒவ்வொரு நெசவாளியின் மனைவிக்கும் மனப்பாடமாகத் தெரியும். அவரைக் கேட்பார்தாம் இல்லை.

மறு முறை, அத்தெருவிலேயே பிறந்து கல்லூரிப் படிப்பு முடித்திருந்த இளைஞர் ஒருவரைச் சங்கம் அமர்த்திற்று. அவர் வீடு வீடாகச் சென்று, கூலிப் புத்தகத்தையும் நினைவையும் ஒப்பிட்டு, நின்ற நாட்களைக் குறித்தார். அம்மனு கேட்டது முழுவதையும் பெறவில்லை. எனினும் அது விவாதிக்கப்பட்டது, திருப்பி அனுப்பப்படவில்லை. குறிப்பேடு இன்றும் சங்கத்தில் இருக்கிறது.

உள்ளூரில் அத்தகைய கல்வி ஏது என்பர் சிலர். வெளியார் கூடாது என்பதன்று என் கருத்து. வெளியார் ஆசிரியராக வரட்டும், எழுத்தராக வர வேண்டா. காமன்வெல்த் நாடுகள் 2016இல் மொரீஷியஸின் போர்ட் லூயியில் ஒரு நிலையம் அமைத்து, உறுப்பு நாடுகளின் அலுவலகங்களுக்குள்ளேயே காலநிலை நிதி ஆலோசகர்களை அமர்த்தி வருகின்றன. உடனிருந்து கற்பிப்பதே அம்முறையின் சிறப்பு.

உள்ளூரார் என்றால் தலைவரின் மருமகன்தானே என்று வேறு சிலர் நகைப்பர். ஆய்வாளன் என்ற முறையில் இதனை நான் மறுக்க இயலாது. ஆதலின் நிபந்தனைகள் வேண்டும். ஆலோசகருக்கு மாதச் சம்பளம் அளிக்க வேண்டுமேயன்றி, கிடைக்கும் தொகையில் பங்கு அளித்தல் ஆகாது. பங்கு பெறுபவர் தேவையைப் பெருக்கிக் காட்டவே முனைவார். அவர் அருகில் சங்க ஊழியர் இருவராவது அமர்ந்து தொழில் கற்க வேண்டும். அளவைக் குறிப்புகளும் வரைவுகளும் சங்கத்தின் சொத்தாக வேண்டும். மனு தமிழில் மகாசபையின் முன் படிக்கப்பட வேண்டும். தறியில் அமர்பவருக்குப் புரியாத மனு அவருக்காக எழுதப்பட்டதாகாது.

இது புதிய படிப்பினை அன்று. 1892இல் சென்னை அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சனை ஐரோப்பியக் கூட்டுறவு முறைகளை ஆராயுமாறு பணித்தது. இரு பெரும் அறிக்கைகளை எழுதிய அந்நிபுணர் கண்ட முடிவின் சாரம் யாதெனில், ஜெர்மானியக் கிராமத்தில் மக்களோடு வாழ்ந்த ரைபைசன் போன்ற ஒருவரை இந்நாட்டு மக்களிடையே தேடிக் காண வேண்டும் என்பதே. தேடியவர்கள் கண்டனர். 1904இல் இதே காஞ்சிபுரத்தில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. அதனை நடத்த லண்டனிலிருந்து எவரும் வரவில்லை.

நபார்டு வங்கி 2015 முதல் பசுமைக் காலநிலை நிதியத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமாகும். ஆகவே தீவு நாட்டார் தட்டும் அதே கதவு நமக்கு அந்நியமானதன்று. அக்கதவைத் தட்டுமுன் நம் கையில் கணக்கு இருத்தல் வேண்டும். வரும் ஐப்பசி மழைக்கு முன்னரே ஒவ்வொரு சங்கமும் ஒரு குறிப்பேடு வாங்கி, தறி நின்ற நாளையும் வயலில் நீர் நின்ற நாளையும் எழுதத் தம் ஊரார் ஒருவரை நியமிக்குமாறு அடுத்த மகாசபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். அச்செலவைத் தணிக்கையில் நான் ஆட்சேபிக்க மாட்டேன். குறிப்பேடு இல்லாமையையே ஆட்சேபிப்பேன்.