புறவழிச்சாலை: ஆட்சேபனையிலும் நீதி வேண்டும்

ஊருக்குப் புறவழிச்சாலை வரப்போகிறது என்ற செய்தி பரவியவுடன் ஒரே ஊர் பல பிரிவுகளாகிவிடுகிறது. கடைத்தெருவில் கனரக லாரிகளுக்கிடையே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்கள் அதை வரவேற்கின்றன. ஊரின் விளிம்பில் வீடும் வயலும் வைத்திருப்போர் அஞ்சுகின்றனர். வணிகர்களோ நெரிசல் குறைய வேண்டுமென விரும்பினாலும், நெரிசலோடு வாடிக்கையாளரும் போய்விடுவரோ எனக் கவலை கொள்கின்றனர். இம்மூவரும் ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவர்கள். அண்டையில் வாழும் பிற சமயத்தவரும் இதே மூன்று நிலைகளில்தான் இருக்கின்றனர்.

இத்தகைய வேளையில் நம் ஜமாஅத்துகள் எவ்வாறு நடந்துகொள்கின்றன? வழித்தடம் பள்ளிவாசலையோ மையவாடியையோ தொட்டால் எழுகிறோம்; சுவரொட்டி ஒட்டுகிறோம்; ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறோம். தொடவில்லையெனில், ‘அல்ஹம்துலில்லாஹ், நமக்குப் பாதிப்பில்லை’ என்று அமர்ந்துவிடுகிறோம். அடுத்த தெருக்காரரின் வயல் போவது நம் காதில் விழுவதில்லை. இந்த வழக்கம் மார்க்கத்துக்கும் பொருந்தாது, நடைமுறையிலும் நமக்கு உதவாது என்பதே நம் கருத்து.

கலீஃபாவும் ஒரு வீட்டுக்காரரும்

நில எடுப்பைப் பற்றிப் பேசும்போது நாம் நினைவுகூர வேண்டிய நிகழ்வு ஒன்று இஸ்லாமிய வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ளது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க வேண்டியிருந்தது. அருகில் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு இருந்தது. விலைக்குத் தரலாம், மாற்றிடம் பெறலாம், அல்லது தருமமாக வழங்கலாம் என்று கலீஃபா கேட்டார்கள். வீட்டுக்காரர் மூன்றையும் மறுத்தார்கள். விவகாரம் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் தீர்ப்புக்குச் சென்றது. தீர்ப்பு வீட்டுக்காரருக்குச் சாதகமாக அமைந்தது. கலீஃபா அதற்குக் கட்டுப்பட்டார்கள். தம் உரிமை நிலைநாட்டப்பட்ட பின்னரே அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வீட்டை மனமுவந்து முஸ்லிம்களுக்கு வழங்கினார்கள்.

நபியவர்களின் பள்ளிவாசலை விரிவாக்குவதைவிடப் பெரிய பொதுத் தேவை வேறெதுவும் அன்றைய மதீனாவில் இருந்திருக்க முடியாது. ஆயினும் பொதுத் தேவை என்ற ஒரு சொல் ஒருவரின் ஹக்கை அழித்துவிடவில்லை. அதேவேளை, உரிமை காக்கப்பட்ட மனிதர் ஊரின் தேவையையும் மறக்கவில்லை. இந்நிகழ்வில் ஆள்வோருக்கும் பாடமுண்டு, ஆளப்படுவோருக்கும் பாடமுண்டு.

அல்குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்துக்கே ஷூரா, அதாவது கலந்தாலோசனை என்று பெயர். அகழ்ப் போரில் அகழி தோண்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். ஹுதைபிய்யாவின் இக்கட்டான நேரத்தில் நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டது உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவரும் பெண்களும் நம் மஹல்லாவின் மஷூராவில் எத்தனை முறை கேட்கப்பட்டிருக்கிறார்கள்? அரசு நம்மைக் கலந்தாலோசிக்கவில்லை என்று குறை கூறுமுன், நாம் நம்மவரைக் கலந்தாலோசித்தோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

காலக்கெடு காத்திருக்காது

ஆட்சேபனைக்கு உணர்ச்சி மட்டும் போதாது. நாள் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக்கான நிலம் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எடுக்கப்படுகிறது. 3ஏ பிரிவின் கீழ் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள், அந்நிலத்தில் உரிமையுடையோர் தம் ஆட்சேபனையைக் காரணங்களுடன் எழுத்து மூலம் தகுதியுள்ள அதிகாரியிடம் அளிக்க வேண்டும். அளித்தவரை நேரிலோ வழக்கறிஞர் வாயிலாகவோ கேட்ட பிறகே அதிகாரி ஆணையிட வேண்டும். அடுத்து 3டி பிரிவின் கீழ் அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுக்குச் சொந்தமாகிவிடும். பின்னர் எஞ்சுவது பெரும்பாலும் இழப்பீட்டுத் தொகை பற்றிய பேச்சே.

2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டை வலியுறுத்துகிறது என்று பலரும் நம்பியிருக்கின்றனர். ஆனால் நெடுஞ்சாலைச் சட்டம் அதன் நான்காம் அட்டவணையில் இடம்பெற்று, அந்த மதிப்பீட்டுக் கடமையிலிருந்து விலக்குப் பெற்றுள்ளது. இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வு, மறுகுடியமர்வு ஏற்பாடுகளுமே புதிய சட்டத்தை ஒட்டி அமைகின்றன.

சேலம்–சென்னை எட்டுவழிச்சாலை வழக்கு இன்னொன்றையும் உணர்த்தியது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அத்திட்டத்தின் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்துச் செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமோ, 3ஏ அறிவிக்கைக்கு முன்னரே சுற்றுச்சூழல் அனுமதி பெற்றிருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அதாவது, வெள்ளம் எங்கே தேங்கும், எந்த வாய்க்கால் அடைபடும் என்ற ஆய்வு மக்கள் கைக்கு வருமுன்பே 21 நாள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடலாம். எனவே ஊரின் நீரோட்டத்தை அறிந்த முதியவர்களின் அறிவை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும் ஊர்தான் அந்த 21 நாட்களைப் பயனுள்ளதாக்க முடியும்.

சுற்றுச்சூழல் அனுமதிக்காகப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்குமாயின், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாட்கள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அக்கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்ற நிபந்தனை இல்லை. நாம் பத்துப் பேர் சென்றாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும்; எவரும் செல்லாவிடினும் அப்படியே. பேசியவற்றின் சுருக்கத்தைக் கூட்டத்தின் முடிவில் மக்களின் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். உரத்துப் பேசிவிட்டு, படித்துக் காட்டுமுன் கலைந்துபோவது நம்மில் பலரின் வழக்கம். நம் சொல் பதிவானதா என்பதை அறியாமல் திரும்புவது, கடனைக் கொடுத்துவிட்டு எழுதி வாங்காமல் வருவதைப் போன்றது.

கீழாற்றூர் சொல்லும் பாடம்

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், தளிப்பரம்பா நகருக்கு அருகே கீழாற்றூர் என்ற சிற்றூர் உள்ளது. நெடுஞ்சாலையை நகரத்தின் உள்ளே அகலப்படுத்தினால் கடைகளும் வீடுகளும் இடிபடும் என்பதால், புறவழிச்சாலை வயல்வெளியின் ஊடே திட்டமிடப்பட்டது. வயலைக் காக்க எழுந்தோர் ‘வயல்கிளிகள்’ என்று பெயர் பெற்றனர். ஆளும் கட்சிக்கு வலுவான அவ்வூரில் அக்கட்சியின் உறுப்பினர்களே போராட்டத்தின் முன்னணியில் நின்றனர். 2018 மார்ச்சில் அவர்களது பந்தல் தீக்கிரையானது. அம்மாத இறுதியில் பெரும் பேரணி நடந்தது. எனினும் முடிவில் சாலை வயல் வழியேதான் என்று உறுதியாயிற்று.

இரு தரப்பிலும் உண்மை இருந்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. நகரத்தில் கடை இடிபடுபவரும் மனிதர்; வயல் இழப்பவரும் மனிதர். கோட்டை ஒரு பக்கம் நகர்த்தினால் சுமை மறுபக்கத்தார் தலையில் ஏறும். ‘எங்கள் பக்கம் வேண்டாம்’ என்ற ஒற்றை முழக்கம் இக்கேள்விக்கு விடையாகாது. தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. வழித்தட வரைபடம் விரிக்கப்படும் மேசைக்கும் அக்கட்டளை பொருந்தும். நம் மையவாடியைக் காக்கச் சாலையை ஏழை விவசாயியின் ஒரே ஏக்கர் மீது தள்ளிவிட்டு, அதை வெற்றி என்று ஜும்ஆ மேடையில் அறிவிப்பது நமக்குத் தகுமா?

இதனால் வக்ஃப் சொத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம். அது அமானத். வக்ஃப் நிலம் எடுக்கப்படும்போது வக்ஃப் வாரியத்துக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்று வக்ஃப் சட்டமே கூறுகிறது. ஆனால் ஆவணமில்லாத அமானத்தைக் காப்பது கடினம். அறிவிக்கை வந்த பிறகு பட்டாவையும் புல எண்ணையும் தேடும் முத்தவல்லிகள், அமைதியான நாட்களில் அவற்றைச் சரிசெய்துகொள்வதே அறிவுடைமை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, சாலை பற்றிய பேச்சு எழுந்தவுடனேயே மஹல்லாவில் மஷூரா கூட வேண்டும். நில உரிமையாளர் மட்டுமின்றிக் குத்தகைதாரர், வாடகைக் கடைக்காரர், கூலித் தொழிலாளர், பெண்கள் ஆகியோரும் கேட்கப்பட வேண்டும். பட்டாவில் பெயரில்லாதவரின் இழப்பு அரசுக் கோப்பில் எளிதில் ஏறுவதில்லை. ஊர்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, வழித்தடத்திலுள்ள எல்லாச் சமூகத்தாரோடும் ஒன்றாக அமர வேண்டும். கோயில் குளம், தேவாலயக் கல்லறை, மையவாடி, ஏரி வாய்க்கால் ஆகிய அனைத்தும் ஒரே வரைபடத்தில் குறிக்கப்பட்டு, ஊரின் பெயரால் ஒரே மனுவாகச் செல்ல வேண்டும். தனித்தனியே செல்லும் மனுக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.

மூன்றாவதாக, எதிர்ப்போடு மாற்றையும் முன்வைக்க வேண்டும். சாலையே வேண்டாமா, வேறு தடமா, அல்லது அதே தடத்தில் நீர் செல்லச் சிறுபாலமும், மாணவர் கடக்கச் சுரங்கப்பாதையும், வயலுக்குச் செல்ல அணுகுசாலையும் வேண்டுமா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சாலை வருவது உறுதியான பிறகு இந்தச் சிறிய கோரிக்கைகளே தலைமுறைகளுக்குப் பயன்படும்.

நான்காவதாக, மனுவில் மிகைப்படுத்தல் கூடாது. இல்லாத கப்ரைச் சேர்ப்பதும், நேற்று நட்ட மரத்தைப் பழமையானது என்பதும் பொய்ச் சாட்சியத்தில் அடங்கும். ஒரு பொய் வெளிப்பட்டால் நம் உண்மைகளும் அதனோடு தள்ளப்படும்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பாதைக்கு இத்தகைய மதிப்பளிக்கும் நாம் சாலைகளுக்குப் பகைவராக இருக்க முடியாது. எவரையும் மிதித்துச் செல்லாத சாலையையே நாம் கேட்கிறோம். அவ்வாறு கேட்கும் நம் குரலும் எவரையும் மிதித்துவிடாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக.