கம்ப்யூட்டர் சொன்னதே தீர்ப்பா?



பிரிட்டனில் அரசுக்குச் சொந்தமான தபால் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கைப் புகுத்தியது. பணம் குறைகிறதென்று அது காட்டியதை நம்பி, கிளை நடத்திய 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். முறையிட்டவர்களிடம், "உங்களுக்கு மட்டும்தான் இப்படி" என்றார்கள். பெரும்பாலான வழக்குகளில் குற்றம் சாட்டியதும், விசாரித்ததும், வழக்குத் தொடுத்ததும் அதே நிறுவனம்!

555 பேர் ஒன்றுசேர்ந்து வழக்காடினர். கம்ப்யூட்டரிலேயே பிழைகள் இருந்ததை 2019ல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024ல் தனிச்சட்டமே இயற்றித் தண்டனைகளை ரத்து செய்தனர்.

அரசுத் துறைகளின் கம்ப்யூட்டர் பிரிவுகளுக்கு வெளித்தணிக்கை கட்டாயம் வேண்டும். நாமும் ரசீதைப் பத்திரப்படுத்துவோம். பிழையென்றால் எழுத்தில் கேட்போம், சேர்ந்தே கேட்போம்!