எங்கள் ரத்தத்தின் கணக்கை எங்களிடம் சொல்

'கவிதை எழுதுறவன் மூத்திரப் பையைப் பத்தி எழுதிக்கிட்டுத் திரியறான்' என்று காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் நண்பர் ஒருவர் சொன்னார். முற்போக்கானவர்தான். அம்பேத்கர் தொகுதிகளை அலமாரியில் வரிசைப்படி அடுக்கி வைத்திருப்பவர். நோய் என்பது தனிமனிதத் துயரம், அதைப்போய் அரசியல் ஆக்காதீர்கள் என்று அறிவுரையும் சொன்னார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார். டீக்கு நன்றி. அறிவுரைக்குப் பதில் இது.

என் சித்தப்பாவுக்கு வயது 67. அப்பா செத்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர். சாக்கடை அடைப்பு எடுக்கிற ஒப்பந்தக் கூலி. ஒப்பந்தக்காரன் மாறுவான், குழி மாறாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2013இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். இரண்டு சட்டத்துக்கும் நடுவிலேயும் பிறகும் அவர் இறங்கிக்கொண்டுதான் இருந்தார். அந்தக் குழிக்கூலிதான் என் பி.காம். பட்டம். நான் உட்கார்ந்திருக்கிற வங்கி கிளார்க் நாற்காலியும் அதுதான்.

அவருக்கு இடுப்பு வலி வந்தது. எட்டு மாசம் வலி மாத்திரை கொடுத்தே அனுப்பினார்கள். 'சாக்கடை வேலை செய்யறவனுக்கு இடுப்பு வலிக்காம என்ன பண்ணும்' என்றார்கள். உழைக்கிற சாதிக்கு வலி இயற்கை என்று எல்லோரும் நம்புகிறார்கள், நாமும் நம்புகிறோம். ராத்திரி ஏழெட்டுத் தடவை மூத்திரம் போக எழுந்ததை யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒருவர் கேட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பி.எஸ்.ஏ. 412. எலும்பு ஸ்கேனில் இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் பரவியிருந்தது. புராஸ்டேட் புற்றுநோய்.

பி.எஸ்.ஏ. என்றால் என்ன? ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். கொஞ்சம் ரத்தத்தில் கசியும். சுரப்பி கெட்டால் அதிகம் கசியும். அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ரோஸ்வெல் பார்க் நிலையத்தில் 1979இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். 1986இல் அந்த நாட்டு அரசு இந்தச் சோதனைக்கு முதல் அனுமதி கொடுத்தபோது எதற்காகக் கொடுத்தது? நோய் இருக்கிறதா என்று தேடுவதற்கு அல்ல. நோய் கண்டவனைச் சிகிச்சையின்போது தொடர்ந்து பார்ப்பதற்கு. தேடுவதற்கான அனுமதி 1994இல்தான் வந்தது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

ஆபரேசன் செய்தார்கள். 'சின்ன ஆபரேசன் பெருசு, பயப்படாத' என்றார் அந்த வார்டில் இருந்த இளம் டாக்டர். தன் அப்பனை விட மூத்த மனுசனை 'வா, போ' என்றுதான் பேசினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த தோட்டக்காரரை 'வாங்க அய்யா' என்றார். இது எங்களுக்குப் பழக்கம், அதை இங்கே பெரிதுபடுத்தவில்லை. பெரிதுபடுத்த வேண்டியது வேறு. அந்தச் சின்ன ஆபரேசனில் சித்தப்பாவின் இரண்டு விதைகளையும் எடுத்துவிட்டார்கள். அது அவருக்குத் தெரியாது. கட்டுப் பிரித்த பிறகு, குளிக்கும்போது, கைவைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அவசரப்பட்டு டாக்டர்களைத் திட்ட வேண்டாம். அந்த ஆபரேசன் தப்பான வைத்தியம் இல்லை. ஆண் சுரப்பு நீரில்தான் இந்தப் புற்று வளர்கிறது, அதை நிறுத்தினால் புற்று சுருங்கும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இலேயே காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். விதையை எடுத்தால் ஒரே நாளில் அந்தச் சுரப்பு விழுந்துவிடும். மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி போட்டும் அதையே செய்யலாம். ஆயுளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஊசிக்குக் காசு அதிகம், விடாமல் போட வேண்டும். ஆபரேசன் ஒருதடவை, செலவு குறைவு. ஆக, ஏழைக்கு ஆபரேசன் என்பது கொடுமை என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் செய்ததுதான் கொடுமை. 'இரண்டு வழி இருக்குதுங்க, இதில் இன்னது, அதில் இன்னது, உங்களுக்கு எது வேணும்?' என்று கேட்க எத்தனை நிமிஷம் ஆகும்?

எங்கள் வங்கிக்கு வந்து பாருங்கள். படுத்த படுக்கையாய்க் கிடக்கிற கிழவி கைநாட்டு வைத்துத் தன் கணக்கில் 500 ரூபாய் எடுக்க வேண்டுமென்றால், அந்த ரேகைக்கு இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராய் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 500 ரூபாய்க்கு அத்தனை காவல். ஒரு மனுசனின் விதைக்கு ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள், அதில் ஒரு கட்டைவிரல் ரேகை.

அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்தும் இருக்கிறது. போட்டவன் நான். படித்துப் பார்த்துத்தான் போட்டேன். அந்த ஆங்கில வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்றும் எனக்குத் தெரியும். 'என்ன கண்ணு போட்டிருக்குது?' என்று கேட்டார். 'கட்டி எடுக்கறாங்க சித்தப்பா' என்றேன்.

சமிரா கோலி என்ற பெண்ணின் வழக்கு ஒன்று உண்டு. சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும் சம்மதம் கொடுத்து மயக்கத்தில் கிடந்தவரின் கருப்பையையும் சூலகங்களையும் அவரைக் கேட்காமல், வெளியே நின்ற அம்மாவிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சுயபுத்தியோடு இருக்கிற வயதுவந்தவருக்குப் பதிலாக வீட்டார் கொடுக்கிற சம்மதம் செல்லாது. என்ன செய்யப் போகிறார்கள், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லி வாங்குவதுதான் சம்மதம். அந்தத் தீர்ப்பின்படி டாக்டர் மட்டும் குற்றவாளி இல்லை தோழர்களே. சொந்த சாதியில் படித்து மேலே வந்து, மேல்சாதி டாக்டரோடு சேர்ந்து நின்று சித்தப்பனின் முதுகுக்குப் பின்னால் தலையாட்டிய நானும்தான்.

இனி எண்ணுக்கு வருவோம்.

ஆபரேசன் முடிந்து மூன்றாம் மாதம் பி.எஸ்.ஏ. 21. நல்ல இறக்கம். அடுத்து ஏழாம் மாதம் பார்த்திருக்க வேண்டும். அது ஏதோ சடங்குத் தேதி இல்லை. சுரப்பை நிறுத்திய ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று 2006இல் வந்தது. ஏழு மாத முடிவில் எண் 0.2க்குக் கீழே இறங்கியவர்களில் பாதிப்பேர் 75 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். 0.2க்கும் 4க்கும் நடுவில் நின்றவர்களுக்கு அது 44 மாதம். 4க்கு மேலேயே நின்றவர்களுக்கு 13 மாதம். பிறகு புது மருந்துகள் வந்து இந்தக் கணக்கை நீட்டியிருக்கின்றன. ஆனால் யாருக்கு வைத்தியத்தைச் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று அந்த ஏழாம் மாத எண் இன்றும் கை காட்டும்.

ஏழாம் மாதம் போனோம். 'ரீஏஜென்ட் இல்ல, அடுத்த மாசம் வா.' எட்டாம் மாதம் போனோம். 'மெஷின் ரிப்பேர்.' ஒன்பதாம் மாதம் அவரே தனியாகப் போய், மத்தியானம் வரைக்கும் வரிசையில் நின்று, நேரம் முடிந்தது என்று திருப்பி அனுப்பப்பட்டு வந்தார். பதினொன்றாம் மாதம்தான் ரத்தம் எடுத்தார்கள். 6.8.

இந்த 6.8க்கு என்ன அர்த்தம்? 21இலிருந்து மெல்ல இறங்கி 6.8க்கு வந்திருக்கிறதா? இல்லை, நடுவில் 1 வரைக்கும் இறங்கி, மறுபடி ஏறி 6.8 ஆகியிருக்கிறதா? முதலாவது என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். இரண்டாவது என்றால் சுரப்பு இல்லாமலே வளரப் பழகிவிட்டது புற்று, மருந்தை மாற்றியாக வேண்டும். தொட்ட அடிமட்ட எண்ணிலிருந்து கால் பங்குக்கு மேலும், குறைந்தது 2 புள்ளியும் ஏறி, மூன்று வாரம் கழித்துப் பார்த்தாலும் ஏறியே இருந்தால் அது ஏற்றம். டாக்டர்கள் வைத்திருக்கிற விதி இது. அடிமட்டமே தெரியாதவனுக்கு எந்த விதி? நடுப் பக்கம் கிழிந்த பாஸ்புக்கை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கச் சொல்கிறார்கள்.

'ஏம்ப்பா, காந்திபுரத்தில் தெருவுக்குத் தெரு லேப் இருக்குதே, நீ சம்பளக்காரன்தானே, அங்கே பார்த்திருக்கலாமே?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். பணம் இல்லாமல் இல்லை. எண்ணைப் பார்க்க எனக்குப் பயமாய் இருந்தது. 'மெஷின் ரிப்பேர்' என்று அவர்கள் சொன்னபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பிறகு ஓடினேன், நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு லேப்பில் எடுத்தேன். 9.1. அது வேறு மெஷின், வேறு முறை. ஒரு லேப்பின் எண்ணை இன்னொரு லேப்பின் எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. மறுபடி மூன்று வாரம் காத்திருந்து அதே லேப்பில் எடுத்தேன். 11.6.

சித்தப்பாவிடம் 'நல்லா இருக்குதுங்க' என்றேன்.

ஒருநாள் பணம் எடுக்க வங்கிக்கு வந்தார். ஒரு பாட்டிக்கு நான் பாஸ்புக் போட்டுக்கொடுத்து, 'நாலாயிரத்து இருநூத்திப் பத்து இருக்குது பாட்டி' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே நின்றார். சாயங்காலம் வீட்டில் கேட்டார்: 'ஊரார் கணக்கையெல்லாம் வாய்விட்டுப் படிச்சுச் சொல்றே. என்ற கணக்கு மட்டும் ஏங் கண்ணு மடிச்சு மடிச்சுப் பையில வெக்கறே? ஏறுதுன்னா ஏறுதுன்னு சொல்லு. குழிக்குள்ள எறங்கறவனுக்கு எத்தன ஆழம்னு தெரியோணும். மூங்கில் விட்டுப் பாத்துட்டுத்தான் நாங்க எறங்குவோம்.'

படிக்காதவர்களிடம் எண்ணைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்கிற அருமையான மனிதர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல? விஷவாயு இருக்கிற குழியில் ஆழம் பார்த்து இறங்கியவனுக்கா பயம்? பயம் சொல்ல வேண்டியவனுக்கு. சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் வேண்டும். அந்தப் பயம்.

இப்போது ஞாபகத்தில் வைக்கச் சொன்னதற்கு வருகிறேன். இந்த நகரத்தில் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' போர்டுகளைப் பாருங்கள். ஒரு நோவும் இல்லாத கனவான்களுக்குப் பி.எஸ்.ஏ. சேர்த்துப் பேக்கேஜ் போடுகிறார்கள். நோயில்லாதவர்களை எல்லாம் இதை வைத்துச் சலிப்பது சரியா என்பதே உலகத்தில் தகராறில் இருக்கிறது. 1970இலேயே இப்படியொரு பொருளைக் கண்டதாகச் சொல்லும் ரிச்சர்ட் ஆப்லின் என்பவரே 2010இல் அதைப் பெரும் தப்பு என்று எழுதினார். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2012இல் வேண்டாம் என்றது, 2018இல் 55 முதல் 69 வயதுக்காரர்கள் டாக்டரோடு பேசி அவரவரே முடிவு செய்யட்டும் என்றது. சிகிச்சையில் இருக்கிறவனுக்கு இது வேண்டும் என்பதில் அந்தத் தகராறு இல்லை. ஆக, சந்தேகமான இடத்தில் சோதனை கடை விரித்திருக்கிறது, சந்தேகமே இல்லாத இடத்தில் ரீஏஜென்ட் இல்லை. காசு எங்கே இருக்கிறதோ அங்கே மெஷின் ரிப்பேர் ஆவதில்லை.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். வாசலுக்கு மாத்திரை வர முடியுமென்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு குப்பி ரத்தம் வாசலிலிருந்து போகவும் முடியும். நாம் கேட்பது இதுதான்: சிகிச்சையில் இருக்கிறவனுக்குத் தேதி தவறாமல், ஒரே லேப்பில், காசில்லாமல் சோதனை. எண்களை வரிசையாய் எழுதிய தமிழ் அட்டை ஒன்று அவன் கையில். ஆபரேசனுக்கு முன்னால் தமிழில் வாய்விட்டுப் படித்துச் சொன்ன சம்மதம். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் காகிதங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதியே சொல்கிறது. அதையாவது கேட்டு வாங்குவோம்.

நம் வீடுகளில் யாருக்காவது இது இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். சுரப்பியை முழுதாக எடுத்தவருக்கு எண் கிட்டத்தட்ட இல்லாமலே போக வேண்டும், 0.2 என்று இரண்டு தடவை வந்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். கதிர்வீச்சு வாங்கியவருக்கு, தொட்ட அடிமட்டத்துக்கு மேல் 2 ஏறினால் பார்க்க வேண்டும். மூத்திரத் தொற்று இருந்தாலும், குழாய் போட்டிருந்தாலும் எண் பொய்யாய் ஏறும். எண் ஏறாமலே எலும்பு வலி வந்தாலும் சும்மா இருக்கக் கூடாது. எண் ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்லை.

சித்தப்பாவுக்கு இப்போது அபிராடெரோன் மாத்திரை. ஆரம்பத்திலேயே இதைச் சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று 2017இலேயே இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. எண்ணெய் குறைந்த காலைச் சாப்பாட்டோடு 250 மில்லிகிராம் சாப்பிட்டாலும் பி.எஸ்.ஏ. அதே மாதிரி இறங்கியது என்று 72 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு 2018இல் வந்தது. செலவு கால்வாசி. நாங்களாக மாற்றவில்லை, டாக்டரிடம் கேட்டோம். முதல் தடவையாக எங்களை உட்காரச் சொல்லிப் பதில் சொன்னார்.

போன மாதம் ரிப்போர்ட் வாங்கப் போனோம். உறையை நான் வாங்குவதற்கு முன்னால் அவர் கை நீட்டினார். பிரித்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பஸ் நம்பர் பார்த்து ஏறி இறங்கியே காலம் கழித்தவர், எண் தெரியும். இத்தனை நாளும் தெரிந்துதான் இருந்தது. நாங்கள்தான் தாளை மடித்து வைத்திருந்தோம்.

'நாலு புள்ளி மூணு' என்றார். 'போன தடவை எத்தன கண்ணு?'

'பதினொன்னு புள்ளி ஆறுங்க சித்தப்பா.'

நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன். கிழிந்த பக்கத்து மாதங்களுக்கு நேரே என்ன எழுதுவது என்று கேட்டேன். 'ரிப்பேர்னு எழுது' என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன். டீக்கடை நண்பர் வந்தால் அந்த நோட்டைக் காட்டுகிறேன்.