மேடை தந்தார்கள், செவி தந்தார்களா?

இரும்புக்கை மாயாவியின் பெயர் கேளாத தமிழ் இல்லம் ஒரு தலைமுறைக்கு முன் அரிதாகவே இருந்தது. 1972-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக அவனைத்தான் வெளிக்கொணர்ந்தது. மதரஸா விட்டு வீடு திரும்பிய சிறுவர்கள் பாடப் புத்தகத்தினுள் மறைத்து வைத்து அவனைப் படித்தார்கள்; வாப்பாவிடம் அகப்பட்டு அடியும் வாங்கினார்கள். பறிமுதலான புத்தகத்தை இரவில் வாப்பாவே படித்து முடித்த வீடுகளும் உண்டு. அதை நாம் வெளியில் சொல்வதற்கில்லை. மாயாவியின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவன் மறைந்துபோவான். இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். அவனை வரைந்தவரோ கையும் தெரியாமல் மறைந்தார். பார்சலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர் அவர். 1962 முதல் அத்தொடரை வெளியிட்ட பிரிட்டிஷ் வார இதழில் ஓவியரின் பெயரை அச்சிடும் வழக்கமே கிடையாது. கதாநாயகனுக்கு உலகப் புகழ். படைத்த கைக்குப் பக்கக் கூலி.

இந்த அநீதிக்குப் பரிகாரம் செய்ய வந்த ஊர் என்றுதான் அங்கூலெம் நகரை உலகம் கொண்டாடியது. தென்மேற்குப் பிரான்சில் ஷராந்த் நதிக்கரையில், ஒரு காலத்தில் காகித உற்பத்திக்குப் பேர்போன சிற்றூர் அது. மக்கள்தொகை நாற்பதாயிரம் அளவே. 1974-இல் அங்கே தொடங்கிய சித்திரக்கதை விழாவுக்கு ஆண்டுதோறும் ஜனவரி இறுதியில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் திரண்டு வந்தனர். வீட்டுச் சுவர்களில் சித்திரக்கதைக் காட்சிகள். தெருப்பெயர்ப் பலகைகள்கூடக் கதைமாந்தர் வாயிலிருந்து கிளம்பும் பேச்சுக்குமிழின் வடிவில்! தமிழில் கேப்டன் டைகர் என்று நாம் அறிந்த வீரனை வரைந்த ழான் ழிரோவுக்கு 1981-இல் அந்நகரம் தன் பெரும்பரிசை அளித்தது. பதிப்பாளர்களின் கூடாரங்கள் ஒருபுறம் இருக்க, விழாவின் உயிர்நாடி உரையாடல் அரங்குகளே. ஓவியர் மேடையில் அமர்வார். அவர் கை வரைவதைப் பெருந்திரையில் காட்டுவார்கள். ஒரு கோட்டை ஏன் அப்படி இழுத்தார் என்று கேட்பார்கள். அவர் சொல்லச் சொல்ல அரங்கம் மூச்சடக்கிக் கேட்கும். சித்திரக்கதையைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று இன்றும் ஒதுக்கும் நம் பெரியவர்கள் சிலர் ஒருமுறையேனும் அந்த அரங்கில் அமர்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் மெய். இதற்காக அவ்விழாவைப் போற்றுவதில் நாம் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லோம். எனினும் ஒரு கேள்வி நம்மைக் குடைகிறது. கோட்டைப் பற்றியும் வண்ணத்தைப் பற்றியும் ஓவியர் பேசியபோது மூச்சடக்கிக் கேட்டவர்கள், அவர் வேறொன்றைப் பேசியபோது கேட்டார்களா?

2014 ஜனவரி இறுதியில் விழா இயக்குநருக்கு ஒரு திறந்த மடல் வந்தது. அவ்வாண்டு விழாவின் புரவலர்களுள் ஒன்றாக சோடாஸ்ட்ரீம் என்னும் இஸ்ரேலிய நிறுவனம் சேர்க்கப்பட்டிருந்தது. வீட்டிலேயே சோடா தயாரிக்கும் கருவி செய்கிற நிறுவனம் அது. அதன் முதன்மைத் தொழிற்சாலை அப்போது மேற்குக் கரையில், 1967 முதல் ஆக்கிரமிப்பில் உள்ள மண்ணில், மாலே அதுமீம் குடியேற்றத்தை ஒட்டிய தொழிற்பேட்டையில் இயங்கி வந்தது. இந்நிறுவனத்தோடு உறவை முறித்துக்கொள்ளுங்கள் என்பதே மடலின் வேண்டுகோள். ஒப்பமிட்டவர்கள் வழிப்போக்கர்கள் அல்லர். ழாக் தார்தி ஒப்பமிட்டிருந்தார். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளைச் சேறும் இரத்தமுமாக வரைந்து காட்டியவர். 1985-இல் அதே விழாவின் பெரும்பரிசைப் பெற்றவர். 2013-இல் பிரெஞ்சு அரசின் லெஜியோன் தொனர் விருதை வேண்டாமென மறுத்தவர். ஜோ சாக்கோவும் ஒப்பமிட்டிருந்தார்.

சாக்கோவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மால்டாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்திரிகையாளர், ஓவியர். 1991-92 குளிர்காலத்தில் பலஸ்தீன மண்ணில் அலைந்து, அகதி முகாம்களின் சேற்றுத் தெருக்களில் தேநீர் குடித்துக் கேட்ட கதைகளைப் 'பாலஸ்தீன்' என்னும் சித்திர நூலாக்கினார். 1996-இல் அமெரிக்க நூல் விருது அதற்குக் கிடைத்தது. பின்னர் மீண்டும் காஸாவுக்குச் சென்று, 1956-இல் கான் யூனிஸிலும் ரஃபாவிலும் சுட்டுக் கொல்லப்பட்டவர்களைப் பற்றி உயிரோடிருந்த முதியவர்களைத் தேடித் தேடி விசாரித்தார். ஒருவர் நினைவும் மற்றவர் நினைவும் முரண்பட்ட இடங்களை மூடி மறைக்காமல் அப்படியே வரைந்தார். 2009-இல் வெளிவந்த அந்த நூலுக்கு 2011-இல் விருது வழங்கிய விழா எது? இதே அங்கூலெம் விழாதான்! உலகைக் கூர்ந்து நோக்கும் படைப்புக்கென அவர்கள் தனியே வைத்திருந்த பரிசை அதற்கு அளித்துக் கைதட்டினார்கள்.

மூன்றே ஆண்டுகள். காஸாவைக் கோட்டில் வரைந்தபோது கைதட்டிய விழா, அதே கை ஒரு மடலின் அடியில் ஒப்பமிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இயக்குநர் வேண்டுகோளை ஏற்கவில்லை. கலையில் அரசியலைக் கலக்கலாகாது என்று வாதிக்க இத்தகைய சமயங்களில் எப்போதும் சிலர் கிளம்புவதுண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: காஸா நூலுக்குப் பரிசளித்த மேடையில் அரசியல் இல்லையோ? ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் பொருள் செய்யும் நிறுவனத்தின் பெயரைப் பதாகையில் தொங்கவிட்டது அரசியல் இல்லையோ? ஓவியர் எழுதிய மடல் மட்டும் எப்படி அரசியலாயிற்று? அத்தொழிற்சாலையில் பலஸ்தீனர்களும் வேலை பார்த்தார்கள் என்று சொல்லப்பட்டது. பார்த்தார்கள், மறுக்கவில்லை. நிலம் எவருடையது என்ற வினாவுக்கு அது விடையாகாது. 2015-இல் அந்நிறுவனம் தொழிற்சாலையை அங்கிருந்து நெகேவ் பகுதிக்கு மாற்றிக்கொண்டது. அதில் விழாவுக்கு யாதொரு பங்கும் இல்லை.

அடுத்த ஆண்டு, 2015 ஜனவரி 31-ஆம் நாள், ஓவியர்கள் அங்கூலெம் தெருக்களில் ஊர்வலமே போனார்கள். துணை ஓய்வூதியத்துக்கெனத் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கைப் பிடித்தம் செய்யும் திட்டத்தை எதிர்த்து எழுந்த ஊர்வலம் அது. ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ ஒரு மாத ஊதியம் அது என்று அவர்கள் முறையிட்டார்கள். கைநிறையச் சம்பாதிப்பவருக்கு எட்டு விழுக்காடு பெரிதன்று. இவர்கள் யார்? 2016 ஜனவரியில் வெளியான ஆய்வு அதைத் தெளிவாக்கியது. ஏறத்தாழ 1,500 படைப்பாளிகள் விடையளித்த அந்த ஆய்வின்படி, 2014-இல் அவர்களுள் 53 விழுக்காட்டினரின் வருமானம் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே. 36 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டுக்கும் கீழே. பெண்களுள் வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்தோர் சரிபாதி. 2021-இல் டின்டின் கதை ஒன்றின் அட்டைக்காக ஹெர்ஜே 1936-இல் தீட்டிய மூலப்படம் பாரிசில் முப்பது லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போயிற்று. அதே தொழிலில்தான் இதுவும்!

விழாவில் இவர்கள் செய்யும் இன்னொரு வேலையையும் நேயர்கள் அறிய வேண்டும். நூல் வாங்கியவர்கள் நீண்ட வரிசையில் நிற்பார்கள். ஓவியர் வெறும் கையொப்பம் இட்டு அனுப்பிவிட முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு படம் வரைந்து தர வேண்டும். காலையில் குனிந்தால் மாலையில்தான் நிமிர்வார். இதற்குக் கூலி கிடையாது என்பதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. நம் ஊர்க் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்களை உட்காரவைத்துச் சோறு போடாமல் அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்?

பெண்களின் செய்திக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டுப் பெரும்பரிசுக்கென விழா முன்மொழிந்த பட்டியலில் முப்பது பெயர்கள். ஒன்றுகூடப் பெண் பெயர் இல்லை. அதுவரை நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் அப்பரிசை முறைப்படி பெற்ற பெண் ஃபிளோரான்ஸ் செஸ்தாக் ஒருவரே, அதுவும் 2000-இல். கிளேர் பிரெதேஷேருக்கு 1983-இல் பத்தாம் ஆண்டு நினைவுப் பரிசு என்று ஒன்றைத் தனியே கொடுத்து ஓரமாக அமர்த்தினார்கள். பட்டியலில் இருந்த ரியாத் சத்தூஃப், சிரியத் தந்தைக்குப் பிறந்து லிபியாவிலும் சிரியாவிலும் கழிந்த தம் இளமையை நூல்களாக வரைந்தவர், தம் பெயரை நீக்கிவிடச் சொன்னார். தம் இடத்தைப் பெண்களுக்கு விட்டுத்தருவதாக அறிவித்து ஐவர் பெயரையும் குறிப்பிட்டார்: ரூமிகோ தகஹாஷி, ஜூலி தூசே, அனூக் ரிக்கார், மர்ஜான் சத்ராபி, கத்ரீன் மூரிஸ். அவரைத் தொடர்ந்து மேலும் பலர் விலகினர். சித்திரக்கதையின் வரலாற்றை மாற்றி எழுத இயலாது என்பது விழாத் தரப்பின் பதிலாயிருந்தது. பிறகு பட்டியலையே கைவிட்டார்கள்.

வரலாற்றை மாற்ற இயலாது என்றார்களே, பின்னர் நடந்தது என்ன? தகஹாஷிக்கு 2019-இல் பெரும்பரிசு. தூசேவுக்கு 2022-இல். ரிக்காருக்கு 2025-இல். ஓர் ஓவியர் ஒரே மூச்சில் சொன்ன ஐந்து பெயர்களில் மூன்றை அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்குள் அவ்விழாவே முடிசூட்டியது. திறமை 2016-இலும் இருந்தது. காணும் கண்தான் இல்லை. காட்டிக் கொடுத்த ஓவியரின் சொல்லை அன்றே கேட்டிருந்தால் இந்த அவமானம் ஏது?

இத்தனைக்கும் பிறகேனும் பாடம் கற்றார்களா என்றால், 2025 ஜனவரியில் ஒரு பத்திரிகை வெளியிட்ட செய்தி அந்த நம்பிக்கையையும் தகர்த்தது. 2024 விழாவின்போது தாம் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் கொடுத்த பெண் ஊழியர் ஒருவர் பின்னர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்பதே அச்செய்தி. நீக்கத்துக்கு வேறு காரணம் உண்டென நிர்வாகம் வாதிட்டது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் நீதிமன்றம் அல்லோம். ஆனால் 2007 முதல் விழாவை நடத்திவந்த அதே நிறுவனத்தின் கையில் அது தொடரலாகாது என்று நூற்றுக்கணக்கான படைப்பாளிகள் எழுத்தில் கேட்டார்கள். மாதங்கள் கடந்தன, புறக்கணிப்பு என்னும் சொல் எழுந்தது. பெரும்பரிசை அவ்வாண்டுதான் பெற்றிருந்த அனூக் ரிக்கார் தாமே அதில் சேர்ந்தார். முன்னர் முடிசூடிய பலரும் சேர்ந்தனர். ஓவியர் இல்லாத இடத்தில் பதிப்பாளருக்கு என்ன வேலை? 2025 டிசம்பர் முதல் நாள், 2026-ஆம் ஆண்டு விழா நடைபெறாது என அறிவிக்கப்பட்டது. எதிர்க்கத் துணிந்த உள்ளூர்க்காரர்களும் கலைஞர்களும் அந்த ஜனவரியில் தாங்களாகவே சிறு நிகழ்ச்சிகளை நடத்தினார்கள் என்பது ஓர் ஆறுதல்.

பாவம், உணவு விடுதிக்காரனும் புத்தகக் கடைக்காரனும் என்ன செய்தார்கள், அவர்கள் வயிற்றில் அடிக்கலாமா என்று இரங்குவோர் உண்டு. நியாயமான இரக்கமே. அந்த இரக்கத்தின் ஒரு பங்கை, வறுமைக் கோட்டுக்குக் கீழே நின்று ஆண்டுதோறும் அவர்கள் கல்லாவை நிரப்பிய ஓவியனுக்கு அவர்கள் எந்த ஆண்டில் காட்டினார்கள் என்பதே நம் வினா. பணம் தருகிற புரவலரைக் கேள்வி கேட்டால் விழா நடவாது என்றும் சொல்வார்கள். அரசும் நகராட்சியும் தந்த பொதுப்பணம் அதில் கொஞ்சமன்று. அதுவும் போக, புரவலர் எத்தனை பேர் இருந்தும், ஓவியர் வர மறுத்த ஆண்டில் விழா நடந்ததா?

இனி அங்கே விழாவை எவர் நடத்த முன்வந்தாலும், சுவரில் புதுச் சித்திரம் தீட்டுவதற்கும் பரிசுப் பட்டியல் தயாரிப்பதற்கும் முன்னால், 2014-இல் தார்தியும் சாக்கோவும் ஒப்பமிட்ட அந்த மடலை எடுத்து மேசைமீது வைக்கட்டும். எழுதியவர்களை அழைத்து எதிரே நாற்காலி போடட்டும். இம்முறை அவர்கள் பேசும்போது பெருந்திரையும் இசையும் வேண்டாம்.